டிபன் கொண்டுவர வேண்டாம் என்றார் மேலாளர்

வேலையிடத்துச் சிக்கல்கள் குறித்து வாசகர்கள் எழுதும் கேள்விகளுக்கு, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் நீண்ட காலம் பணியாளர் நல அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மதிப்புக்குரிய அம்மா, வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவள். பள்ளியில் தமிழ் வழியில் படித்து, சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்தேன். கஞ்சிக்கோட்டில் ஒரு வார்ப்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சேர்ந்து ஏழாவது ஆண்டு நடக்கிறது. கொள்முதல் பில், லாரி வாடகை, சரக்கு வண்டிகளுக்கான இ-வே பில் எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் மேலாளர் திருச்சூர்க்காரர். கண்டிப்பானவர், ஆனால் குரலை உயர்த்த மாட்டார். வேலையைத் தவிர வேறு எதையும் என்னிடம் பேசியதில்லை. போன வாரம் பில்களில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஓண விடுமுறை முடிந்து திறக்கிற வாரம் வெள்ளிக்கிழமை மதியம் வெளியே போய்ச் சாப்பிடலாம். அன்றைக்கு டிபன் கொண்டுவர வேண்டாம்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. வேறு யாராவது வருகிறார்களா என்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. ஜூன் மாதத் தணிக்கைக்கு முன் ஒரு லாரி வாடகை பில் இரண்டு முறை பதிவாகியிருந்ததை நானே கண்டுபிடித்துச் சரிசெய்தேன். அதைக் காரணமாக வைத்து வேலையை விட்டு அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பிரிவில் மூத்தவர் மார்ச் மாதம் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்தைப் பற்றிப் பேசுவாரோ என்று ஆசையும் இருக்கிறது. வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள க.க.சாவடியில் கிடங்கு எடுக்கப்போகிறார்கள் என்று ஓட்டுநர்கள் பேசிக்கொள்கிறார்கள். என்னோடு சேர்ந்து சாப்பிடும் பெண்கள், உனக்கு மட்டும் என்ன தனி விருந்து என்கிறார்கள். கணவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்த மௌனம்தான் எனக்குக் கஷ்டம். மாமியார், வயிறு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிடு என்கிறார். என் மலையாளம் அலுவலகத்துக்குப் போதும். எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசப் போதுமா என்று தெரியவில்லை. இந்த அழைப்புக்கு என்ன அர்த்தம்? நான் போகலாமா?

பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: போகலாம். வயிற்றைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டால் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அழைப்பார், இன்னும் ஒரு வாரத் தூக்கம் போகும். ஆனால் போவதற்கு முன் மேலாளரிடம் நீங்கள் ஒன்று கேட்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், வேலை போய்விடுமோ என்ற பயத்தை இறக்கி வைப்போம்.

ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது எப்படி நடக்கும் என்பதைக் காகிதம் காகிதமாகப் பார்த்தவள் நான். ஊழியர் தவறு செய்திருக்கிறார் என்று நிர்வாகம் நினைத்தால் முதலில் வருவது மெமோ. அதற்கு நீங்கள் எழுத்தில் விளக்கம் தருவீர்கள். விளக்கத்தை ஏற்கவில்லை என்றால் குற்றச்சாட்டுகளை வரிசைப்படுத்தி இன்னொரு குறிப்பாணை வரும், அதன்பின் உள்விசாரணை நடக்கும். உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் நீக்கினால் அந்த நீக்கம் வழக்கில் நிற்பது கடினம். தவறு ஏதும் இல்லாமல் ஆட்குறைப்பு என்றாலும் வழிமுறை உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்த மாதச் சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். கணக்கெழுதுவது போன்ற எழுத்தர் வேலை செய்பவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. கஞ்சிக்கோட்டில் மேலாளராக இருப்பவர் இதையெல்லாம் அறியாமல் ஒரு மாதம் கூட நாற்காலியில் உட்கார முடியாது. அறியாவிட்டால் தொழிற்சங்கம் வாசலில் வந்து கற்றுக்கொடுக்கும். உங்களுக்கு இதுவரை ஒரு மெமோ கூட வரவில்லை. இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்ததும் நீங்கள், திருத்தியதும் நீங்கள். தணிக்கையாளர் கண்ணில் படுவதற்கு முன் சரிசெய்த ஊழியரை எந்த மேலாளரும் இழக்க விரும்ப மாட்டார்.

போனஸ் விஷயமாகவும் இருக்காது. குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காடு, அதற்கு மேல் எவ்வளவு என்ற பேச்சுவார்த்தையை கேரளத்தில் ஓணத்துக்கு முன்பே முடித்துவிடுவார்கள். அவர் குறித்திருப்பது ஓணத்துக்குப் பிந்தைய வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததிலும் விசேஷமாக எதையும் தேட வேண்டாம். ஜும்மா தொழுகையை முன்னிட்டு நம் பக்கத்தில் பல அலுவலகங்களில் அன்று மதிய இடைவேளை சற்று நீளம். நிதானமாகப் பேச நேரம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பிறகு எதற்கு அழைக்கிறார்? மேலதிகாரி வேலை சொல்ல அறைக்கு அழைப்பார். கண்டிக்கவும் அறைக்கு அழைப்பார். பாராட்டு என்றால் பெரும்பாலும் நான்கு பேர் முன்னிலையில்தான் நடக்கும், அதில் அவருக்கும் ஒரு பெருமை இருக்கிறது. சாப்பிட அழைப்பது, உங்கள் சம்மதம் தேவைப்படும்போது. ஏதோ ஒன்றை உங்களிடம் கேட்கப்போகிறார். கட்டளையிட்டுப் பெற முடியாதது அது, நீங்கள் மனம் ஒப்பித் தர வேண்டியது. இப்படிப்பட்ட சாப்பாட்டுக்கு இரண்டொரு நாள் முன்னால் மேலாளர்கள் எங்கள் பிரிவுக்கு வந்து அந்த ஊழியரின் கோப்பைக் கேட்பார்கள். எப்போது சேர்ந்தார், சம்பளம் எவ்வளவு, வீடு எந்தப் பக்கம், குழந்தைகளுக்கு என்ன வயது என்று புரட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கோப்பை எடுத்துக் கொடுக்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும்: இவரை எங்கோ மாற்றப்போகிறார்கள், அல்லது இவர் தலையில் கூடுதல் பொறுப்பு ஏறப்போகிறது, அல்லது இவர் வேறு இடம் தேடுகிறார் என்று காதில் விழுந்து தக்கவைக்கப் பார்க்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது க.க.சாவடிக் கிடங்குதான். ஓட்டுநர்கள் பேசுவது பெரும்பாலும் பொய்யாகாது. இடம் பார்க்கப் போன வண்டியை ஓட்டியவர் அவர்களில் ஒருவராக இருப்பார். எல்லையின் இரண்டு பக்கமும் கணக்கு எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பது உங்களுக்கே தெரியும். 2017 ஜூலை 1 ஜி.எஸ்.டி. வந்தபின் வாளையாற்றில் விற்பனை வரிச் சாவடிக்காக லாரிகள் வரிசையில் காத்துக்கிடந்த காலம் போய்விட்டது, ஆனால் காகித வேலை போய்விடவில்லை. ஒரே நிறுவனமாக இருந்தாலும் கேரளத்துக்கு ஒரு ஜி.எஸ்.டி. பதிவு, தமிழ்நாட்டுக்கு ஒரு பதிவு. இங்கிருந்து சரக்கை நம் சொந்தக் கிடங்குக்கு அனுப்பினாலும் வரிச் சட்டம் அதை இரண்டு தனித்தனி நபர்களுக்கு இடையே நடக்கும் வழங்கலாகவே பார்க்கிறது, ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு எல்லை தாண்டினால் இ-வே பில் வேண்டும். இரண்டு பதிவுக்கும் தனித்தனிப் படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும். கோயம்புத்தூர் லாரிக்காரர்களோடு தமிழில் பேரம் பேசி, கஞ்சிக்கோட்டுத் தலைமை அலுவலகத்துக்கு மலையாளத்தில் விளக்கம் சொல்லி, இ-வே பில்லையும் போடத் தெரிந்தவர் உங்கள் ஆலையில் எத்தனை பேர்? என்னைக் கேட்டால், அவர் மனதில் இருப்பது அந்தக் கிடங்கு. இது என் ஊகம்தான், ஆனால் நீங்கள் எழுதிய விவரங்களிலிருந்தே எழுந்த ஊகம்.

மூத்தவரின் இடமாகவும் இருக்கலாம். ஆனால் மார்ச் மாதக் காலியிடத்துக்கு ஓணத்தின்போதே பேசத் தொடங்குகிற மேலாளர்கள் குறைவு. இன்னொன்றும் இருக்கிறது, சிலர் ஊழியரைச் சாப்பிட வைத்து மற்ற ஊழியர்களைப் பற்றி விசாரிப்பார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் அது கூடுதலாகவே நடக்கும். அப்படி வந்தால் உங்கள் மேசைக்கு வந்த காகிதத்தில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். பிறர் சொல்லிக் கேட்டதை ஒருபோதும் சொல்லாதீர்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். இதைக் கேட்காமல் வந்ததுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது, அழைப்பு அல்ல. அடுத்த முறை கையெழுத்து வாங்கப் போகும்போது, பில்களை அடுக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேளுங்கள்: "சார், வெள்ளிக்கிழமை எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னால் விவரங்களைத் தயார் செய்துகொண்டு வருவேன். வேறு யாரெல்லாம் வருகிறார்கள்?" இதில் மரியாதைக் குறைவு ஒரு துளியும் இல்லை. ஒரு கணக்கர் கேட்க வேண்டிய கேள்விதான். வேலை விஷயமாக அழைத்தவர் ஒரு வரியிலாவது சொல்லிவிடுவார். முழுவதும் சொல்லாவிட்டாலும், "சாவடி விஷயம், இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்கிற அளவுக்காவது சொல்வார். அந்த ஒரு வரி கிடைத்தாலே போதும், ஓணத்தை நிம்மதியாகக் கொண்டாடலாம்.

பதிலைத் தவிர்த்து, சிரித்து மழுப்பி, "ஏன், காரணம் இருந்தால்தான் என்னோடு சாப்பிடுவாயா" என்ற தொனியில் பேசினால் அப்போது எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் கணவரின் மௌனமும் மாமியாரின் யோசனையும் இந்த இடத்திலிருந்து வருகின்றன என்று நினைக்கிறேன். அந்தக் கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. இத்தனை ஆண்டுகளில் வேலை தவிர எதையும் பேசாத மனிதர் என்று நீங்கள் எழுதியிருப்பது அவருக்குச் சாதகமானது. ஆனாலும் ஒரு பெண் எவரோடு சாப்பிடப் போனாலும் சில ஏற்பாடுகளைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் நடமாட்டம் உள்ள உணவகமாக இருக்கட்டும். நீங்களே ஓர் உணவகத்தின் பெயரைச் சொல்லலாம். நெடுஞ்சாலையில் 'ஊண் தயார்' என்று பலகை வைத்த இடங்களில் மதியம் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு சக ஊழியரிடமும் கணவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். அலுவலக வண்டியில் ஓட்டுநரோடு போவது நல்லது.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், வேலையின் பொருட்டு நீங்கள் போகும் இடத்தையும் அதற்காக நிறுவனம் தரும் வண்டியையும் பணியிடமாகவே கருதுகிறது. உணவகத்தில் நடந்ததுதானே என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் மூத்த பெண் ஊழியராகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும் இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். உங்கள் ஆலையில் அந்தக் குழுவினரின் பெயர்ப் பட்டியல் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று நாளைக்கே பாருங்கள். இந்தச் சாப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல் போகலாம், அப்படித்தான் ஆகும் என்று நம்புகிறேன். இருந்தாலும் பட்டியல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு பெண் ஊழியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கிடங்கு விஷயம்தான் என்று தெரிந்துவிட்டால் ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில் சம்மதம் சொல்லாதீர்கள், மறுக்கவும் செய்யாதீர்கள். "கேட்டதற்கு நன்றி சார். வீட்டில் பேசிவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றால் போதும். நம் ஊர்களில் ஒருவர் வாங்கிக்கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டதை மறுப்பது மிகவும் கடினம். பெரியவர்கள் அப்படித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். இதை நன்றாக அறிந்தவர்கள்தான் சாப்பிட அழைக்கிறார்கள். அதனால் முடிவைச் சாப்பாட்டிலிருந்து பிரித்து வைத்துவிடுங்கள்.

அவர் பேசும்போது சில விஷயங்களைக் கட்டாயம் கேளுங்கள். கிடங்கு இதே நிறுவனத்தின் பெயரில் நடக்குமா, அல்லது சகோதர நிறுவனம் ஒன்றின் பெயரிலா? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இதே நிறுவனம் என்றால் அது இடமாற்றம், உங்கள் பணிக்காலம் தொடரும். வேறு பெயரில் உள்ள நிறுவனம் என்றால், "இங்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே சேருங்கள், எல்லாம் நம்முடையதுதான்" என்பார்கள். அப்படி எழுதிக் கொடுத்த எத்தனையோ பேர் பின்னால் என் அறைக்கு வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். பணிக்கொடைக்கு ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும். நீங்கள் ஏழாவது ஆண்டில் இருக்கிறீர்கள், அந்த உரிமை வந்துவிட்டது. கடைசிச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை. ராஜினாமா செய்து புதிதாகச் சேர்ந்தால் ஒன்று, இதுவரை உள்ளதைக் கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அல்லது, பழைய பணிக்காலம் தொடர்கிறது என்று புதிய நியமனக் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு இதில் இடமே இல்லை. வருங்கால வைப்பு நிதிக்குப் பயம் வேண்டாம், அந்தக் கணக்குக்கான உங்கள் யு.ஏ.என். எண் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே எண்தான். இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு வரம்புக்குள் இருந்தால் மருந்தகத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பயணம், விடுமுறை, சம்பளம் மூன்றையும் அதே மூச்சில் பேசிவிடுங்கள். வேலந்தாவளம் வழியாகச் சாவடிக்குப் போகும் சாலையை உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டை விட உங்களுக்கு அது வசதியாகக் கூட அமையலாம். ஆனால் மாலையில் லாரி வர நேரமானால் வீடு திரும்ப யார் ஏற்பாடு செய்வது என்று கேட்க வேண்டும். பண்டிகை விடுமுறைப் பட்டியல் எந்த மாநிலத்துடையது என்றும் கேளுங்கள். எல்லை தாண்டிய வேலையில் ஓணமும் கிடைக்காமல், பொங்கலும் கிடைக்காமல் நிற்பவர்களை நான் அறிவேன். கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் சம்பளம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தொகையை அவர் முதலில் சொல்லட்டும்.

மொழியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றாடப் பேச்சை மலையாளத்தில் பேசுங்கள், பணம், பணிக்காலம் என்று வரும்போது தமிழிலேயே நிறுத்திச் சொல்லுங்கள். பாலக்காட்டில் வேலை செய்யும் திருச்சூர்க்காரருக்கு அது புரியும். புரியவில்லை என்றால் ஒரு தாளில் எண்களாக எழுதிக் காட்டுங்கள். 1969 ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்கே தமிழில் எழுத வழி செய்திருக்கிறது. நம் மொழியை யாரும் இந்த மண்ணில் வந்தேறியாக நடத்த முடியாது. அதுவும் உங்களைத் தேடி ஓர் அழைப்பு வந்திருக்கும்போது, அதற்குக் காரணமே உங்கள் தமிழாக இருக்கக்கூடும்.

பணத்தை அழைத்தவர் கொடுப்பார், பையைத் திறந்து இழுபறி செய்ய வேண்டாம். குத்தரிசிச் சோறோ மீன் குழம்போ, உங்களுக்குப் பிடித்ததைச் சாப்பிடுங்கள். உடன் சாப்பிடும் பெண்கள் கேட்டால், "வேலை விஷயம், முடிவானதும் சொல்கிறேன்" என்று எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்று சொன்னால்தான் கதை முளைக்கும். கணவரிடம் மட்டும் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், மேலாளர் தரும் பதில் உட்பட. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்" என்று நேராகக் கேளுங்கள். அவர் மௌனமாக இருப்பது கோபத்தால்தான் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? என்ன கேட்பது என்று தெரியாமல் அவரும் உங்களைப் போலவே விழித்துக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 24. பாலக்காட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேலாளர், ஐம்பது வயதைத் தாண்டிய அம்மையார். ஒற்றப்பாலத்தில் உள்ள தன் வீட்டுக்கு ஓண விருந்துக்கு வரச்சொல்லியிருக்கிறார். பிரிவில் என்னையும் இன்னொருவரையும் மட்டும் அழைத்திருக்கிறார். என்ன கொண்டுபோவது, எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஓணம் கொண்டாடும் வழக்கம் இல்லை.

வாசகர், வேலந்தாவளம்

பதில்: தம்பி, இதில் உள்ளர்த்தம் தேடாதீர்கள். ஓணத்தன்று வீட்டில் இலை போட்டு வெளியார் நான்கு பேரையாவது உட்கார வைக்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் ஒற்றப்பாலத்தைச் சுற்றிய வள்ளுவநாட்டுப் பக்கம் நிறைய. ஊருக்குப் போக முடியாதவர், தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர், இளைஞர், இப்படி யோசித்துத்தான் உங்கள் இருவரையும் அழைத்திருப்பார். அவர் ஒரு தாய் போல உங்களை அழைத்திருக்கிறார், பிள்ளை போலப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

துணிமணி வாங்கிக்கொண்டு போக வேண்டாம். ஓணக்கோடி என்பது மூத்தவர் இளையவருக்குக் கொடுப்பது. அவர் உங்களுக்கு ஒரு வேட்டி நீட்டினால் இரு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பழம் கொண்டுபோகலாம், அல்லது நம் கிழக்குப் பக்கத்து நிலக்கடலையை உங்கள் அம்மா கையால் உருண்டை பிடித்துக் கொண்டுபோகலாம். மழை குறைந்த நம் கரிசல் காட்டில் விளைந்தது என்று சொல்லிக் கொடுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும்.

விருந்தில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முதலில் பருப்பும் நெய்யும் பப்படமும், பிறகு சாம்பார், பிறகு பாயசம் வரும். பாயசத்தோடு முடிந்துவிட்டது என்று இலையை மடித்து எழுந்துவிடாதீர்கள். அதற்குப் பின்னும் மோருக்குச் சோறு போடுவார்கள். பக்கத்தில் உள்ள பெரியவர் மடிக்கும் வரை காத்திருங்கள். காளன், ஓலன், எரிசேரி என்று எதை வைத்தாலும் கொஞ்சமாவது தொட்டுச் சாப்பிடுங்கள். வேண்டாதது இருந்தால் பரிமாறும்போதே கையால் மறைத்துவிடலாம், இலையில் மிச்சம் வைப்பதை விட அது மேல். விடுப்பு, ஊதிய உயர்வு, விற்பனை இலக்கு எதையும் அந்த வீட்டு வாசலுக்குள் கொண்டுபோகாதீர்கள். மறுநாள் அலுவலகத்தில் அழைக்கப்படாதவர்கள் கேட்டால், போனேன், சாப்பிட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஆந்திரத்தில் உள்ள சத்தியவேட்டைச் சேர்ந்தவன். பக்கத்துத் தொழிற்பூங்காவில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் வரிசை மேற்பார்வையாளர். புதிதாக வந்த மேலாளர் வாரம் ஒருவராக மேற்பார்வையாளர்களை மதிய உணவுக்கு அழைத்துப் பேசுகிறார். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் போய்வந்துவிட்டார்கள். என்னை மட்டும் அழைக்கவில்லை. எனக்குத் தெலுங்கு நன்றாகவே பேச வரும். இருந்தும் தமிழன் என்பதால் ஒதுக்குகிறாரா?

வாசகர், சத்தியவேடு

பதில்: அவரிடம் கேட்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள், அந்த எண்ணம் ஒருமுறை மனதில் வேர்விட்டால் அவர் செய்வது எல்லாமே அப்படித்தான் தெரியும். ஷிப்ட் முறையைப் பாருங்கள். நீங்கள் இரவு ஷிப்டிலோ இரண்டாவது ஷிப்டிலோ இருந்த வாரங்களில்தான் அழைப்புகள் நடந்தனவா? மதிய உணவு முதல் ஷிப்டுக்காரர்களுக்குத்தான் வசதி. புதிய மேலாளர்கள் சிக்கல் உள்ள வரிசைகளைத்தான் முதலில் விசாரிப்பார்கள். உங்கள் வரிசையில் கழிவும் நிறுத்தமும் குறைவாக இருந்தால் கடைசியில் அழைப்பது இயல்பு. எல்லோரும் போய்வந்த பிறகும் உங்களுக்கு அழைப்பு வராமல் போனால் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் சாப்பாட்டைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். "சார், என் வரிசையைப் பற்றிப் பேச பத்து நிமிடம் வேண்டும். எப்போது வரலாம்?" என்று கேளுங்கள். போகும்போது கடந்த மூன்று மாத உற்பத்தி, கழிவு, இயந்திரம் நின்ற நேரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தப் பத்து நிமிடத்தையும் மறுத்தால், எந்தத் தேதியில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.